உப்புப் பார்த்தவள்

என் வயதுக்காரர்களே, உங்களில் பாதிப் பேர் காலையில் வெறும் வயிற்றில் சிறுகுறிஞ்சான் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை வியாதி வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் முதல் யோசனையே அதுதான். போன வாரம் அடுத்த தெரு அம்மாள் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து, "ஒரு மண்டலம் குடிங்க, அப்புறம் பாருங்க" என்றாள். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். எனக்கும் சர்க்கரை இருக்கிறது, வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் அந்த இலையை மட்டும் என்னால் வாயில் வைக்க முடியாது. கசப்புக்குப் பயந்து இல்லை, வெட்கத்தால். சின்ன வயதில் செய்த ஒரு காரியத்துக்கு இந்த வயதில் வெட்கமா என்று கேட்பீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கோ யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது தெரிந்ததெல்லாம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ் பெட்ரோல் கிடைக்காமல் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே போனதாலும், கடையில் வெல்லமும் சீனியும் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டதாலும்தான். எங்கள் வீடு இலஞ்சியில். அப்பா, அம்மா, தென்காசியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அண்ணன், கல்யாண வயதில் அக்கா, கடைசியாக நான். அந்த வருஷம் தை மாதம் அண்ணனுக்குச் சுரண்டையில் பெண் எடுத்தார்கள். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவள்தான் மதினி.

சீர்ப் பாத்திரங்களோடு நனைந்த சாக்கில் சுற்றிய ஒரு கட்டும் வண்டியிலிருந்து இறங்கியது. அம்மா அதைக் காலால் நகர்த்தி, "இது என்ன, கல்யாண வீட்டுக் கறிவேப்பிலை மிச்சமா?" என்று கேட்டாள். மதினி தலையைக் குனிந்துகொண்டே, "இல்ல அத்தை, செடி. வேரோட எடுத்தாந்தேன்" என்றாள். புதினா, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சை, தூதுவளை, எல்லாம் பிடிப் பிடியாக ஈர மண்ணோடு இருந்தன.

மறுநாள் காலையில் புறவாசலுக்குப் போனவள் வாய்க்காலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். சிற்றாற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டுப் பின்னால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஓடும். எனக்கு அது ஒரு விஷயமே இல்லை. "ஏட்டி சின்னவளே, எங்க ஊர்ல ஒரு வாளித் தண்ணிக்குக் கை காச்சுப்போற அளவுக்குக் கயிறு இழுக்கணும். இங்கன சும்மா போவுதே, யாரும் கேக்க மாட்டாவளா?" என்றாள். யாரும் கேட்க மாட்டார்கள் என்று நான் பெரிய மனுஷி மாதிரி அனுமதி கொடுத்தேன்.

விளிம்பு உடைந்த மண்சட்டி, அடியில் ஓட்டை விழுந்த செம்பு, மண்ணெண்ணெய்த் தகரம், அம்மா தூக்கிப் போட்டிருந்த எல்லாம் தோட்டமாயின. அந்தச் செம்பு என் அம்மாவின் கல்யாணச் சீர். அதில் புதினா பொங்கி வழிந்து நின்ற அழகை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அரிசி கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாது. கொத்தமல்லி விதையைச் சாக்கில் பரப்பி, வெறுங்காலால் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவினோம். காலெல்லாம் மல்லி வாசனை. அதோடு நான் பள்ளிக்கூடம் போனேன், டீச்சர் "யாருட்டி ரசத்தை மிதிச்சிட்டு வந்தது?" என்று கேட்டாள். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ முதல் முளை தலையில் விதைத் தொப்பியோடு வந்தபோது, நான் தெரு முழுக்க ஓடிச் சொன்னேன். யாரும் பொருட்படுத்தவில்லை.

எங்கள் வீட்டில் இலை என்றால் சீக்குக்குத்தான். காய்ச்சலுக்குக் கஷாயம், சளிக்குச் சாறு, மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். இலையை ருசிக்காகத் தின்னலாம் என்று எனக்குக் காட்டியவள் மதினி. கற்பூரவல்லியைக் கிள்ளி ஒரு கல் உப்பு வைத்துச் சுருட்டித் தருவாள். முதலில் உறைக்கும், அப்புறம் குளிரும். திருநீற்றுப்பச்சை விதையைத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் வழவழவென்று கண்ணாடிச் சட்டை போட்டுக்கொள்ளும்; அதை நாக்கில் உருட்டிக்கொண்டே வாய்க்கால் கல்லில் உட்கார்ந்திருப்போம். வாய்க்கால் ஓரத்து வல்லாரையில் அவள் அரைத்த துவையலை அப்பா மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா மட்டும், "வீடா இது, வைத்தியசாலையா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பேச்சு பின்னால் எங்கே போய் நிற்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. ஒருத்தி கண்ணை மூடி வாயைத் திறக்க வேண்டும். மற்றவள் ஓர் இலையை நாக்கில் வைப்பாள். மென்று பார்த்து என்ன இலை என்று சொல்ல வேண்டும். நான் பாதிக்கு மேல் தோற்பேன். மதினி தோற்றதே இல்லை. புதினா என்று சொல்வதோடு விடமாட்டாள். செம்பில் நின்ற புதினாவா, வாய்க்கால் ஓரத்துப் புதினாவா என்றும் சொல்வாள். அப்படி ஒரு நாக்கை நான் அதற்கப்புறம் யாரிடமும் கண்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஒரு தரமாவது அவளைத் தோற்கடிக்காவிட்டால் என் ஜன்மம் கடைத்தேறாது என்று தோன்றியது.

வழி எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி ஒரு நாள் ஓர் இலையைக் கொடுத்து மெல்லச் சொன்னாள். கசந்தது. அப்புறம் ஒரு வெல்லத் துண்டைக் கொடுத்தாள். மண்ணைத் தின்றது போல இருந்தது, இனிப்பே இல்லை. நான் அழப்போனேன். "கொஞ்ச நேரத்துல சரியாப் போயிரும்ட்டி. இதுதான் சிறுகுறிஞ்சான். இனிப்பை மட்டும் கொன்னுபோடும்" என்றாள். அந்தக் கொடி எங்கள் புறவாசல் வேலியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மதினிக்கு அது தெரியாது, எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. இனிப்பைக் கொல்லும் இலை ஒன்று இருக்கிறதென்றே அவள் கேள்விப்பட்டிருக்கவில்லை. நான் நாள் பார்த்துக் காத்திருந்தேன். பார்த்தேனே ஒரு நாள்!

ஆனி மாதம் சாரல் கட்டியது. பெண் பார்க்க வருகிறோம் என்று எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். சாரலுக்குக் குளிக்க வந்தோம், அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்பார்கள். பிடித்தால் சம்பந்தம், பிடிக்காவிட்டால் குளித்ததோடு சரி, யாருக்கும் மானக்கேடு இல்லை. அப்படித்தான் அக்காவைப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். அருவியில் குளித்துவிட்டு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வெல்லத்தை எடுத்து மதினியிடம் கொடுத்து, "பாயசம் நீ வையி" என்றாள். வந்து ஆறு மாதத்தில் அம்மா அவளை நம்பிக் கொடுத்த முதல் பெரிய காரியம். மதினி முகம் எப்படி மலர்ந்தது என்று பார்த்தேன். பார்த்தும்தான் செய்தேன்.

சிறுபருப்பு வெந்துகொண்டிருந்தது. இலையைப் பின்னால் மறைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனேன்.

"மதினி, கண்ணை மூடுங்க."

"ஏட்டி, இப்பமா? அடுப்பைப் பாக்கேன்லா."

"ஒண்ணே ஒண்ணு மதினி."

சிரித்தாள். ஈரக் கைகளைத் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடி, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தாள். இரண்டு இலையை வைத்தேன். "நல்லா மெல்லணும். துப்பக் கூடாது."

"கசக்கு. வேம்பு இல்ல. நிலவேம்பும் இல்ல. என்ன எழவுட்டி இது, தெரியலையே!"

"தோத்துட்டியளா?"

"தோத்துட்டேன், போ. என்ன எலைன்னு சொல்லு."

"சாயங்காலம் சொல்லுதேன்" என்று வெளியே ஓடினேன்.

ஓடினேன் என்றா சொன்னேன்? வாசல்படியோடு நின்றுகொண்டேன். தாம்பாளத்தில் தட்டி வைத்திருந்த வெல்லம் என் கண்ணில் படாமல் இல்லை. அவள் ஏமாறுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அவள் வெல்லத்தைப் போட்டுக் கிண்டி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். புருவம் சுருங்கியது. ஒரு கை அள்ளிப் போட்டாள். மறுபடி நக்கினாள். "யுத்த காலத்து வெல்லம், மண்ணைக் கலந்திருக்கான் பாவி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாள். நான் பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த கை அள்ளும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் வாசலில் ஆள் அரவம் கேட்டது, விருந்தாளிகளைப் பார்க்கும் ஆசையில் ஓடிவிட்டேன். தாம்பாளம் காலியானதை நான் பார்க்கவில்லை.

சாப்பாடு நன்றாகத்தான் நடந்தது. பாயசம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "ஊரே வெல்லத்துக்கு அலையுது, நீங்க அண்டாவோட கவுத்திருக்கீய" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள், அவள் முகம் செத்துவிட்டது.

கை கழுவப் புறவாசலுக்கு வந்த மாப்பிள்ளையின் அம்மா செடிகளைப் பார்த்தாள். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன். "இம்புட்டு மருந்துச் செடியும் யாருக்கு?"

"மருமவ வச்சது" என்றாள் அம்மா.

"பாயசம் வச்சதும் அவதானா?"

அம்மா தலையாட்டினாள். அந்த அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டாள். "தப்பா நெனைக்காதீய. நாக்குல ருசி தெரியாம, தோல்ல தொட்டா தெரியாம போச்சுன்னா அது பெருநோய்தான்னு எங்க பக்கத்துல சொல்லுவாவ. மறைச்சுக் கெட்டிக் குடுத்திருப்பாவ. அவ பாட்டுக்கு ரகசியமா மருந்து தின்னுட்டு இருக்கா. நல்ல வைத்தியர்ட்ட காட்டிட்டுச் சொல்லி விடுங்க. பெறகு வெத்தலை பாக்கு மாத்திக்கிடலாம்."

பெருநோய் என்றால் குஷ்டம் என்று எனக்குத் தெரியும். அருவிக்குப் போகிற வழியில் கைகளில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டும்போது அம்மா என் கண்ணைப் பொத்துவாள். உடனே அம்மா சேலையைப் பிடித்து இழுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாரும் விருந்தாளிகளை வழியனுப்ப வாசலுக்குப் போனதும், வேலிக்குப் போய் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி வாய்க்காலில் விட்டேன். தண்ணீர் அதைக் கொண்டுபோகும்வரை நின்று பார்த்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

சாயங்காலம் மதினிக்கு நாக்கு திரும்பிவிட்டது. பாயசத்தை எடுத்து வாயில் வைத்தவள் பதறிப்போய் அம்மாவிடம் வந்தாள். "அத்தை, சின்னவ ஒரு எலை குடுத்தா. அதைத் தின்னதுலேருந்து இனிப்பே தெரியல. இப்பம் தெரியுது. அந்த எலைதான் அத்தை."

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, என்ன எலை குடுத்த?"

"புதினா" என்றேன்.

மதினி என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. நான் விளையாடுகிறேன் என்றே நினைத்தாள். "சின்னவளே, கசந்துச்சே. சொல்லுட்டி, என்ன எலை?"

"புதினாதாம்மா. செம்புல உள்ளது."

விளையாட்டின் விதிப்படி அவள் கண்ணை மூடியிருந்தாள். எந்த இலை என்று அவள் பார்க்கவே இல்லை. புறவாசலுக்குப் போனாள். ஒரு கையில் வெல்லத் துண்டு. வேலியில் இருந்த ஒவ்வொரு கொடியிலும் ஓர் இலையைப் பிய்த்து மென்றாள், துப்பினாள், வெல்லத்தை நக்கிப் பார்த்தாள், அடுத்ததற்குப் போனாள். எருக்கை மட்டும் விட்டாள். வாயோரம் பச்சையாக வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரின் மேலாக எட்டிப் பார்த்தார்கள். "இங்கனதான் இருக்கும் அத்தை, இன்னும் ரெண்டு எலை பாத்துருதேன்" என்றாள். கொடி நின்ற இடத்தில் புது மண் கிளறிக் கிடந்தது. அதை நான் காலால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"போதும், உள்ள வா. ஊரு பாக்குது" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது ஓர் அடி விலகி நின்றாள்.

ஆடி பிறந்ததும் புதுப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மதினியையும் அவள் அப்பா வந்து அழைத்துப் போனார். தெருவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆவணி பிறந்தது. அவளைக் கூட்டிவர எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. புரட்டாசி வந்தது, ஐப்பசி வந்தது. அண்ணன் ஆபீஸிலிருந்து வந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுப்பான். சுரண்டையில் வைத்தியர் அவள் கையிலும் காலிலும் முள்ளால் குத்திக் குத்தி வலிக்கிறதா என்று கேட்டாராம். அவள் எல்லா இடத்திலும் வலிக்கிறது என்றாளாம். பொய் சொல்லுகிறாள் என்றார்களாம். இதையெல்லாம் அக்கா எனக்குச் சொன்னாள். அக்காவுக்கு வந்த அந்தச் சம்பந்தமும் தட்டிப்போனது. அந்தப் பழியும் மதினி தலையில்தான் விழுந்தது. செடிகளையெல்லாம் பிடுங்கிப் போடச் சொன்னாள் அம்மா. பிடுங்கியது நான்தான். கையில் இரண்டு நாள் வாசனை போகவில்லை, அந்தக் கையால்தான் சாப்பிட்டேன்.

கார்த்திகையில் அண்ணன் யாரையும் கேட்காமல் சுரண்டைக்குப் போய், அவளைத் திருநெல்வேலியில் ஓர் இங்கிலீஷ் டாக்டரிடம் காட்டி, ஒரு சீக்கும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். காகிதத்தை அப்பா இரண்டு தரம் படித்தார். அம்மா படிக்கத் தெரியாதவள். "சரி, இருக்கட்டும். அடுக்களையில அவ பொங்கட்டும். ஆனா உப்பு, புளி, இனிப்பு சின்னவ பாத்துச் சொல்லணும். அவ நாக்கை இனி நம்ப முடியாது" என்றாள்.

இதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. இதைத் தண்டனை என்று சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இல்லை, ஏனென்றால் ஊர் அதைப் பரிசு என்று நினைத்தது. எட்டு வருஷம், எனக்குக் கல்யாணம் ஆகும்வரை, அந்த வீட்டில் நான் உப்புப் பார்த்தேன். மதினி கரண்டியிலிருந்து ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விடுவாள். "பாரு" என்பாள். அந்த ஒரு சொல்தான். நான் சரி என்பேன், அல்லது ஒரு கல் குறைகிறது என்பேன். ஒரு கல் போடுவாள். உண்மையைச் சொன்னால், அவள் சமையலில் உப்பு ஒரு நாளும் குறைந்ததில்லை. சும்மா சரி சரி என்றால் நன்றாக இருக்காது என்று நானாகத்தான் சில நாள் குறை சொன்னேன். விருந்துக்கு வருகிறவர்கள் என் கன்னத்தைக் கிள்ளி, "இவ நாக்கு தங்க நாக்கு" என்பார்கள். அவளை மறைவில் நாக்குச் செத்தவள் என்பார்கள், மறைவு என்றால் அவளுக்குக் கேட்கிற தூரம். அவள் மறுபடி ஒரு செடி வைக்கவில்லை. என்னைக் கண்ணை மூடச் சொல்லவும் இல்லை. என்னிடம் முகம் சுளித்ததும் இல்லை. எனக்குத் தலை பின்னிவிட்டது அவள்தான், நான் பெரிய மனுஷியானபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதைச் சொன்னதும் அவள்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தேன். நாளாக ஆக, பொய்யோடு இத்தனை வருஷத்து மௌனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் என் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம்தான் வாய் வந்தது. கூடத்தில் அப்பா, அம்மா, அண்ணன், பிள்ளைகளோடு வந்திருந்த அக்கா, சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். அடுக்களையில் நாங்கள் இரண்டு பேர். குழம்பை என் கையில் விட்டு, "பாரு" என்றாள்.

நான் பார்க்கவில்லை. "மதினி, அன்னைக்கு நான் குடுத்தது புதினா இல்ல. வேலியில கெடந்த சிறுகுறிஞ்சான். நாந்தான் கொடியையும் பிடுங்கிப் போட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அழாதே என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"எங்கிட்ட எதுக்குட்டி சொல்லுத?" என்றாள். "புதினா இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்க எல்லாம் அங்கன கூடத்துல இருக்காவ. போயி அங்கன சொல்லு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன். நிஜமாகச் சொல்லத்தான் போனேன், நம்புங்கள். கூடத்து நிலையில் போய் நின்றதும் பேச்சு நின்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எனக்குப் பின்னால் அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

"என்னட்டி?" என்றாள் அம்மா.

"கொழம்புக்கு உப்பு சரியா இருக்கும்மா" என்றேன்.

"சின்னவ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

கரண்டிச் சத்தம் மறுபடியும் கேட்கத் தொடங்கியது.